கூரை புதிது, கோயில் பழையது

ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தநாடு மந்து என்னும் தோடர் பழங்குடிக் குடியிருப்பில் இருக்கும் கோயில் கூம்பு வடிவம். மற்ற மந்துகளில் பெரும்பாலும் அரைவட்டமாக வளைந்த கூரைதான்: மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துக் கட்டிய சட்டம், அதன்மேல் நெருக்கமாக வேய்ந்த புல், முகப்பில் தவழ்ந்து மட்டுமே நுழையக்கூடிய சின்ன வாசல். உள்ளே போவதற்குப் பூசாரிக்குத்தான் உரிமை. எருமைப்பாலைக் கடைந்து வெண்ணெய் எடுப்பதே அங்கே பூசை.

புல் மக்கும். தோடர்கள் கூடிப் பழையதைப் பிரித்துப் புதிதாக வேய்கிறார்கள். சட்டமே தளர்ந்துவிட்டால் அதையும் மாற்றுகிறார்கள். ஒரு குச்சிகூடப் பழையது இல்லையென்றால், பாட்டன் கும்பிட்ட கோயில் இதுதான் என்று எதை வைத்துச் சொல்வது?

கிரேக்கப் புராண வீரன் தீசியஸின் கப்பலில் உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிய ஏதென்ஸ்காரர்களைப் பற்றிப் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். அது பழைய கப்பல்தானா என்று அங்கே அறிஞர்கள் இரண்டு கட்சியாக வாதாடினார்கள். ஜப்பானின் இசே ஆலயத்தில் அந்த வாதத்துக்கே இடமில்லை. 20 ஆண்டுக்கு ஒருமுறை மரமும் புல்லுமாக முழுக்கப் புதிதாகக் கட்டுகிறார்கள். 2013இல் நடந்தது 62ஆவது முறை. இங்கிலாந்தின் டெவன் பகுதி வீடுகளிலோ பழைய வைக்கோலைப் பிரிக்காமல் அதன்மேலேயே புதியதை வேய்வார்கள். அதனால் இடைக்காலத்துக் கோதுமைத் தாள், அடுப்புப் புகை படிந்து கறுத்தபடி, சில கூரைகளின் அடியில் இன்றும் கிடக்கிறது.

கொங்கு நாட்டுக்காரருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. பேரூரானாலும் அவிநாசியானாலும், திருப்பணிக்கு முன் பாலாலயம் செய்து தெய்வ சாந்நித்தியத்தைக் கும்பத்துக்கோ அத்திப்பலகைக்கோ மாற்றிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள். கல்லுக்குள் தெய்வம் சிறைப்பட்டிருப்பதாக ஆகமம் கருதவில்லை. குடமுழுக்கை 12 ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டும் என்பதும் மரபு.

தோடர் கோயில் இன்னும் ஒரு படி மேலே போகிறது. கருங்கல் கோயில் ஒரு தலைமுறை கவனிக்காவிட்டாலும் நிற்கும், புல்கோயில் நிற்காது. அழியும் பொருளாக இருப்பதால்தான் அது ஊரைத் திரும்பத் திரும்பக் கூட்டுகிறது. கூரை வேயத் தெரிந்த கை அடுத்த கைக்குப் பழக்கிக் கொடுக்கிறது. கோயில் தொடர்வது அந்தக் கடமையில்தான்.

தோட்டத்துச் சாளை வீடுகளில் ஓலை போய்த் தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் வந்ததைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. மழையிலும் தீ பயத்திலும் வாழ்ந்தவர்களுக்குத்தான் அந்த நிம்மதி தெரியும். கோயில் கதை வேறு. ஐம்பது வருடம் தாங்கும் தகடு அங்கே வந்தால், ஐம்பது வருடத்துக்கு யாரும் கூட வேண்டியதில்லை.

இதில் பெரிய ஆபத்து தகடு அல்ல, புல் இல்லாமல் போவது. கூரைக்கான புல் நீலகிரியின் சதுப்புகளில் வளர்வது. வெள்ளையர் காலம் தொட்டுச் சீகையும் தைலமரமும் புல்வெளிகளை விழுங்கின. தேயிலையும் காய்கறித் தோட்டங்களும் ஈரநிலங்களை எடுத்துக்கொண்டன. இப்போது வனத்துறை அயல்மரங்களை அகற்றி வருகிறது. அந்த வேலைத் திட்டத்தில் கூரைப்புல் வளரும் சதுப்புகளையும் சேர்க்க வேண்டும். எந்தச் சதுப்பு என்பதைத் தோடர்களிடமே கேட்க வேண்டும்.