வள்ளுவர் வைத்த வரிசையும் செஞ்சிக் களஞ்சியமும்

நாடு, அரண், பொருள்செயல்வகை, படைமாட்சி. திருக்குறளில் 74 முதல் 77 வரையிலான அதிகாரங்கள் இந்த வரிசையில்தான் வருகின்றன. படையைப் பேசும் முன்பே வள்ளுவர் பணத்தைப் பேசி முடித்துவிடுகிறார். கைக்கு மீறிய போருக்குத் திட்டம் போடுவது கணக்குப் பிழையா, அறப்பிழையா? அறப்பிழைதான் என்பதற்குத் தமிழ்நாட்டு வரலாறே சான்று.

திண்டிவனத்திலிருந்து மேற்கே பேருந்து ஏறினால் செஞ்சி. அங்குள்ள கோட்டையின் ராஜகிரி மலையடிவாரத்தில் எல்லோரும் கல்யாண மகாலைப் படம் எடுக்கிறார்கள். களஞ்சியத்துக்குள்ளும் போய்ப் பார்க்க வேண்டும். தடித்த சுவர்கள், உயர்ந்த வளைவுக் கூரை, நடுப்பகலிலும் குளிர்ந்த இருட்டு. மலையுச்சியிலும் ஒரு களஞ்சியம் உண்டு. அடிவாரம் பறிபோனாலும் மேலே இருப்பவர்களுக்குச் சோறு வேண்டும் என்று யாரோ முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள்.

1677-ல் சிவாஜி இந்தக் கோட்டையைக் கைப்பற்றி மதில்களைப் பலப்படுத்தினார். அந்தச் செலவின் அருமை அவர் மறைந்த பிறகே தெரிந்தது. அவர் மகன் ராஜாராம் உள்ளே இருக்க, 1690-ல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் முற்றுகையைத் தொடங்கினார். 1692 கடைசியில் மராட்டியத் தளபதிகள் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் தானியம் வரும் வழிகளை அடைத்தார்கள். வளைக்க வந்த பெரும்படை பட்டினியில் தவித்தது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் சுல்பிகார் கான் வந்தவாசிக்குப் பின்வாங்கினார். கோட்டை விழுந்தது 1698-ல்தான்.

பிரெஞ்சுத் தளபதி லாலியின் கதை இன்னும் கொடியது. சென்னையைப் பிடிக்கத் திட்டம் இருந்தது. புதுச்சேரிக் கஜானாவில் காசு இல்லை. அதனால் 1758-ல் பணம் பறிக்கத் தஞ்சைச் சீமைக்குப் படையெடுத்தார். கீவளூர்க் கோயிலில் புதையல் தேடினார்கள். பிராமணர்களை ஒற்றர்கள் என்று சொல்லிப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். கோலோடு நின்று பொருள் கேட்கும் அரசனை வேலோடு நிற்கும் வழிப்பறிக்காரனோடு சேர்த்தார் வள்ளுவர். அது மிகையல்ல. அப்படியும் பணம் போதவில்லை. 1759 அக்டோபரில் சம்பளப் பாக்கி கேட்டு லாலியின் சிப்பாய்களே கலகம் செய்தார்கள். 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் அவர் தோற்றார். திட்டத்துக்கும் கஜானாவுக்கும் நடுவே இருந்த பள்ளத்தில் விழுந்தவர்கள் கீவளூர்க்காரர்களும் கூலி கிடைக்காத சிப்பாய்களும்தான்.

அந்தப் பள்ளம் இன்றும் முழுதாக மூடப்படவில்லை. 2025–26-ல் இந்தியப் பாதுகாப்புக்கு ஒதுக்கியது சுமார் 6.81 லட்சம் கோடி ரூபாய். ஓய்வூதியத்துக்கு 1.61 லட்சம் கோடி. கப்பல், விமானம் போன்ற மூலதனச் செலவுக்கு 1.80 லட்சம் கோடி. ஓய்வூதியம் வீண்செலவல்ல, கொடுத்த வாக்கு. ஆனால் படைகளின் திட்டம் பத்துப் பதினைந்து ஆண்டுக் கணக்கு, பணமோ ஓராண்டுக் கணக்கு. மார்ச் 31-க்குள் செலவாகாத ஒதுக்கீடு காலாவதியாகிவிடும். ஆண்டு முடிந்தாலும் காலாவதியாகாத தனி நிதியம் ஒன்றை 15-வது நிதிக்குழு பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் அதை முழுமையாக நிறைவேற்ற வேண்டும். நம் தொகுதி உறுப்பினர்களிடம் நாமும் அதைக் கேட்க வேண்டும்.