ஒலியை விஞ்சும் ஏவுகணையும் விரோதி இம்சையும்

இல்லறத்தாரால் முற்றும் விலக்க இயலாத இம்சைகளுள் விரோதி இம்சையும் ஒன்றென நம் ஆன்றோர் வகுத்தனர். தாக்க வருவோனைத் தடுக்கையில் நேரும் உயிர்க்கேடு அது. ஆயினும் வந்தவன் பகைவன்தானா, வேறு வழியில்லையா எனத் தடுப்போன் எண்ணிப் பார்த்தல் வேண்டும். எண்ணுதற்கு நேரமே இல்லையெனில்?

கடற்போரில் இவ்வினா மெய்யாகவே எழுந்துள்ளது. கப்பலைத் தாக்கும் ஏவுகணை அலைகளுக்குச் சில மீட்டர் மேலாகப் பறந்து வரும். பூமியின் வளைவு மறைப்பதால் கப்பலின் ராடார் அதனைச் சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில்தான் காண இயலும். ஒலியினும் மெதுவாகப் பறக்கும் பிரெஞ்சு 'எக்சோசெட்' எனில் ஒன்றரை நிமிடம் கிடைக்கும். ஒலியைப்போல் இருமடங்கு விரையும் ரஷ்ய 'மாஸ்கிட்' எனில் முக்கால் நிமிடமே. கடைசிக் காவலான தானியங்கிப் பீரங்கி எட்டும் ஒன்றரைக் கிலோமீட்டரை அது இரண்டே நொடியில் கடந்துவிடும். அங்கே நொறுக்கினாலும் துண்டுகள் அதே விசையோடு கப்பல்மேல் பாயக்கூடும். நம் நாடு ரஷ்யாவுடன் இணைந்து செய்து, 2001-இல் முதன்முதல் சோதித்த 'பிரம்மோஸ்' இவ்வினத்ததே. அதைப் பெருமையோடு பேசும் நாம், அதன் எதிரே நிற்கும் கப்பலில் உள்ளோரை நினைப்பதில்லை.

எனவே முடிவெடுத்தலை இயந்திரத்திடம் ஒப்படைக்கின்றனர். 1987 மே 17 அன்று பாரசீக வளைகுடாவில் ஈராக்கிய விமானம் ஏவிய இரு எக்சோசெட்டுகள் அமெரிக்காவின் 'ஸ்டார்க்' கப்பலைத் தாக்கின; 37 மாலுமிகள் மாண்டனர். அதன் பீரங்கி தானே சுடும் நிலையில் வைக்கப்பட்டிருக்கவில்லை. 1991 போரிலோ, அந்நிலையில் இருந்த 'ஜாரெட்' கப்பலின் பீரங்கி, ராடாரை ஏய்க்க 'மிசூரி' தூவிய உலோக இழைகளைக் குறிவைத்து, நட்புக் கப்பலான மிசூரியையே சுட்டது. இயந்திரத்தை மட்டும் பழித்தலும் முறையன்று. 1988 ஜூலை 3 அன்று 'வின்சென்ஸ்' கப்பல் ஈரானியப் பயணிகள் விமானத்தைப் போர்விமானமெனக் கருதி வீழ்த்தியது. இறந்தோர் 290 பேர். விமானம் மேலேறுவதைக் கருவி சரியாகவே காட்டிற்று. மனிதரே இறங்கி வருவதாகக் கொண்டனர்.

இயந்திரத்துக்குச் சினமும் இல்லை, கருணையும் இல்லை. ஆதலின் அதன் செயலால் எவரையும் வினை பற்றாது என்பார் உளர். நாம் அதனை ஏற்கவில்லை. உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரம் இம்சையைக் கவனமின்மையோடு சேர்த்தே காண்கிறது. முக்கால் நிமிடத்தில் கவனத்துக்கு இடமில்லையெனில், அது முன்னரே வந்திருத்தல் வேண்டும். தானே சுடும் நிலைக்குப் பீரங்கியை மாற்றும் விசையைத் தலைவன் திருப்பும் வேளையில். சுற்றிலும் மீன்பிடி படகுகள் உளவா, பயணிகள் விமானத் தடம் எங்கே என அவன் உசாவினானா? அவனை அக்கடலுக்கு அனுப்பினோர் உசாவினரா? வினை பற்றும் கணம் அதுவே என்பது நம் துணிபு.

ஸ்டார்க் கப்பலில் திருப்பப்படாத விசைக்கும் இவ்வினா உண்டு. திருப்பாமை கருணையால் வந்ததா, கவனமின்மையால் வந்ததா என்பதைப் பொறுத்தே அதற்கு விடை.