பகுத்துண்ணும் யோகம்



திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் யோகத்துக்கு உரியது. இயமம் தொடங்கிச் சமாதி வரை எட்டு உறுப்புகளையும் திருமூலர் அங்கே வரிசையாக எடுத்துப் பேசுகிறார். இயமத்தில் நிற்பவன் யார் என்று சொல்லும் இடத்தில் கொல்லாமை, பொய்யாமை, களவு செய்யாமை, அடக்கம், நடுவுநிலை, கள்ளும் காமமும் நீங்குதல் எல்லாம் வருகின்றன. யோகியிடம் நாம் எதிர்பார்க்கும் குணங்கள்தான் இவை. ஆனால் கூடவே இன்னொன்றையும் வைக்கிறார்: அவன் பகுத்து உண்பவன் என்கிறார். பதஞ்சலி முனிவர் வகுத்த ஐந்து இயமங்களில் இது தனியாக இடம்பெறவில்லை. தனிமையில் அமர்ந்து மூச்சை அடக்கப் போகிறவனுக்கு, விருந்தோம்பி வாழும் இல்லறத்தானுக்கு உரிய இந்த விதி எதற்கு? நான் இதைச் சிறிய செய்தியாகக் கருதவில்லை. யோகத்தைப் பயில்வதையும் பயிற்றுவிப்பதையும் பற்றி இன்று உங்களிடம் சொல்ல வந்ததெல்லாம் இந்த ஒரு விதியிலிருந்தே கிளைக்கிறது.

யோகம் பயில்பவருக்குக் கிடைப்பது என்ன? உடம்பில் லேசு, மூச்சில் நிதானம், மனத்தில் கொஞ்சம் அமைதி. இவையும் உணவு போன்றவைதான். ஒருவர் பசியை ஆற்றுபவை. இலையில் இருக்கும் சோற்றைப் பகிரச் சொன்னவர், அதைவிட அரிய இந்த அமைதியைத் தனியே வைத்து உண்ணச் சொல்லியிருப்பாரா? ஆகவே கற்பிப்பது, சாதனை முழுதும் முடிந்த பிறகு ஓய்வு நேரத்தில் செய்யும் தொண்டு என்று நான் நினைக்கவில்லை. அது முதல் உறுப்பான இயமத்துக்குள்ளேயே இருக்கிறது. அப்படியானால் பகிர்வதற்கு உரிய ஒழுங்கு கற்பிப்பதற்கும் உண்டு. பரிமாறத் தெரிந்த வீட்டில் ஏர் உழுதுவிட்டு வந்தவருக்கும் காய்ச்சலில் எழுந்தவருக்கும் ஒரே அளவில் சோறு வைக்க மாட்டார்கள். உண்பவரின் பசியும் செரிக்கும் சக்தியும்தான் அங்கே அளவு. யோக ஆசிரியரின் முதல் கடமையும் இதுவே: எதிரில் இருப்பவர் யார், அவர் உடம்பு எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று அறிவது. தனக்குத் தெரிந்ததையெல்லாம் இறக்கிவைப்பது கற்பித்தல் ஆகாது.

இதற்குப் பதஞ்சலியிடமே சான்று இருக்கிறது. யோக சூத்திரத்தில் ஏறத்தாழ 195 சூத்திரங்கள். அவற்றில் ஆசனத்தைப் பற்றி நேரடியாகப் பேசுபவை மூன்றுதான். அந்த மூன்றிலும் எந்த ஆசனத்துக்கும் பெயர் இல்லை. காலை எங்கே வைப்பது, முதுகை எவ்வளவு வளைப்பது என்ற குறிப்பும் இல்லை. அவர் கேட்பவை இரண்டே தன்மைகள்: இருக்கை உறுதியாக இருக்க வேண்டும், இதமாகவும் இருக்க வேண்டும். முயற்சியின் இறுக்கம் தளரும்போது அது கைகூடும், பிறகு குளிர், வெப்பம் போன்ற இரட்டைகள் தாக்குவதில்லை என்று சொல்லி மேலே போய்விடுகிறார். இந்த இரண்டில் உறுதியை வெளியிலிருந்து ஓரளவு பார்த்துவிடலாம். இதத்தை யார் பார்ப்பது? அது உள்ளே இருப்பவருக்கு மட்டுமே தெரியும். நெற்றி தரையைத் தொட்டுவிட்டது, ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு தொட்டது என்றால், பதஞ்சலியின் அளவுகோலில் அங்கே ஆசனம் நிகழவில்லை. பாதி குனிந்து மூச்சு சீராக ஓடுகிறவருக்கு நிகழ்ந்துவிட்டது. அதனால்தான் அனுபவம் உள்ள ஆசிரியர்கள் கை, கால்களைவிட மூச்சையே அதிகம் கவனிக்கிறார்கள். உள்ளே இருக்கும் இதத்துக்கு வெளியே தெரியும் அடையாளம் அது ஒன்றுதான்.

‘ஆளுக்கு ஆள் மாற்றினால் மரபு என்னாவது? ஆசிரியர் கொடுத்ததை அப்படியே கொடுப்பதுதானே குரு பக்தி?’ என்று கேட்கலாம். நியாயமான கவலைதான். நோகாமல் கற்க வேண்டும் என்பதற்காகச் சாரத்தையே விட்டுவிட்டவர்களையும் நாம் பார்க்கிறோம். ஆனால் நம் காலத்துக்கு மிக அருகில் இருக்கும் மரபையே எடுத்துப் பாருங்கள். 1888-இல் பிறந்து 1989-இல் சென்னையில் மறைந்த திருமலை கிருஷ்ணமாச்சாரியார், 1930களில் மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் யோகசாலை நடத்தினார். அங்கே சிறுவர்களும் இளைஞர்களும் வந்தார்கள். ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும் வேகமான, கடினமான பயிற்சிகளை அவர்களுக்குக் கொடுத்தார். அந்த வழியை அவர் மாணவர் பட்டாபி ஜோயிஸ் பிடித்துக்கொண்டு வளர்த்தார். இன்னொரு மாணவர் பி.கே.எஸ். ஐயங்கார். சிறுவயதிலேயே காசநோயும் மலேரியாவும் டைஃபாய்டும் வாட்டி எடுத்த உடம்பு அவருடையது. பின்னாளில் அவர் நிலையின் துல்லியத்தை வற்புறுத்தியதோடு, மரக்கட்டை, கயிறு, நாற்காலி ஆகியவற்றைத் துணையாக வைத்து முடியாதவர்களுக்கும் ஆசனத்தை எட்டச் செய்தார். 1937-இல் இந்திரா தேவி என்ற வெளிநாட்டுப் பெண்மணி வந்தபோது கிருஷ்ணமாச்சாரியார் முதலில் மறுத்தார். பிறகு ஏற்றுக்கொண்டு கற்பித்தார், மற்றவர்களுக்குக் கற்பிக்கும்படியும் சொல்லி அனுப்பினார். சென்னைக்குக் குடிவந்த பிறகு அவர் கற்பித்த முறையே வேறாகிவிட்டது. வந்தவரைத் தனியே அமர்த்தி, நாடி பார்த்து, வயதும் தொழிலும் நோயும் கேட்டு, அவருக்கென்று பயிற்சி வகுத்துக் கொடுத்தார். இந்த முறையை அவர் மகன் தேசிகாச்சார் எடுத்துக்கொண்டார். 1976-இல் கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரத்தை நிறுவினார். இத்தனை பேரும் ஒரே குருவின் மாணவர்கள், ஆனால் ஒருவர் பயிற்சி மற்றவர் பயிற்சி போல இல்லை. அவர்களில் யார் மரபைக் கைவிட்டவர்? இந்த மரபில் மாறாமல் வந்தது பயிற்சியின் வடிவம் என்று கொண்டால் விடை கிடைக்காது. எதிரில் இருப்பவரைப் பார்த்துக் கொடுப்பது என்ற கொள்கைதான் மாறாமல் வந்தது என்று கொண்டால் எல்லாம் பொருந்திவிடுகிறது.

இன்னொரு கேள்வி இதைவிட வலுவானது. ‘தனித்தனியே கவனித்துக் கொடுப்பது சிலரே தேடி வந்த காலத்துக்குச் சரி. இன்று ஆயிரக்கணக்கானவர்கள் மைதானத்தில் பாய் விரிக்கிறார்கள். 2014 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபை ஜூன் 21-ஐ யோக நாளாக அறிவித்தபோது 177 நாடுகள் இணைந்து முன்மொழிந்தன. இவ்வளவு பேருக்கும் ஆளுக்கொரு பயிற்சி வகுக்க முடியுமா?’ முடியாது. மைதானத்தில் நடப்பது ஓர் அழைப்பு. அழைப்பாக அது நல்லது. ஆனால் பலருக்கு ஒரே பயிற்சி கொடுத்தும் இந்தக் கொள்கையைக் காத்த ஒருவர் நம்மிடையே இருந்தார். கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் 1911-இல் பிறந்த வேதாத்திரி மகரிஷி, 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். வேலைக்கும் வீட்டுக்கும் இடையே ஓடும் குடும்பஸ்தர்களே அவர் மனத்தில் இருந்தவர்கள். அதனால் முதியவரும் செய்யக்கூடிய எளிய உடற்பயிற்சியை வகுத்தார். எல்லோருக்கும் ஒன்றேதான், ஆனால் யாரையும் வருத்தாத ஒன்று. அதோடு நிற்கவும் இல்லை. எண்ணத்தை ஆராய்வது, ஆசையைச் சீரமைப்பது, சினம் தவிர்ப்பது, கவலை ஒழிப்பது என்று அகத்தாய்வைப் பாடமாகவே வைத்தார். இயமத்தை இன்றைய வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்த காரியம் இது. சினம் தணியாமல் தியானத்தில் உட்கார்ந்தால் அந்தச் சினமும் நம்மோடு உட்காரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஹடயோக நூல்களைப் படித்தவர்கள் இங்கே குறுக்கிடலாம்: சுவாத்மாராமரின் ஹடயோகப் பிரதீபிகை ஆசனத்தைத்தானே முதல் உறுப்பாக வைக்கிறது, இயமத்தை ஏன் இவ்வளவு வற்புறுத்த வேண்டும்? உண்மைதான். ஆனால் மூச்சைப் படிப்படியாகத்தான் வசப்படுத்த வேண்டும், அவசரப்பட்டால் அது பயில்பவரையே அழிக்கும் என்று எச்சரிப்பதும் அதே நூல். தன் உடம்பைத் தானே வருத்திக்கொள்வதும் ஒரு கொலைத்தொழிலின் தொடக்கம் என்ற அச்சம் அந்த எச்சரிக்கையில் இருக்கிறது. கொல்லாமை அங்கே வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிடுகிறது.

அடுத்து, கற்பிக்கத் தகுதி யாருக்கு என்ற கேள்வி. சமாதி வரை போனவர்தான் கற்பிக்கலாம் என்றால் உலகில் யோக வகுப்பே நடக்காது. மூன்றாண்டு பயின்றவர் ஓராண்டு பயின்றவருக்குச் சொல்லிக் கொடுப்பதில் தவறில்லை, தான் நடந்த தூரத்துக்குள் நிற்கும் வரை. இதில் அதிகம் சோதிக்கப்படுவது ஆசிரியரின் மனம்தான். மனம் தெளிவதற்குப் பதஞ்சலி நான்கு மனநிலைகளைச் சொல்கிறார்: இன்பமாக இருப்பவரிடம் நட்பு, துன்பப்படுபவரிடம் கருணை, நற்செயல் செய்பவரிடம் மகிழ்ச்சி, தீச்செயல் செய்பவரிடம் விருப்பு வெறுப்பற்ற நிலை. ஒரு வகுப்பில் இந்த நால்வகையினரும் இருக்கிறார்கள். நம்மைவிட எளிதாக உடல் வளையும் இளைஞர் வருகிறார். பொறாமை வருகிறதா, நட்பு வருகிறதா? முட்டி வலியோடு வரும் மூதாட்டியைப் பார்த்து எரிச்சல் வருகிறதா, இரக்கம் வருகிறதா? தனியே அமர்ந்து பயில்பவருக்கு இந்தச் சோதனை கிடைக்காது. திருமூலர் சொன்ன நடுவுநிலையும் இப்படிப் பலர் நடுவில் நிற்பவருக்குத்தான் பொருள் தரும்.

பொய்யாமை ஆசிரியருக்கு இன்னும் கடுமையான விதி. யோகம் மன அழுத்தத்தைக் குறைக்க உதவும், தூக்கத்தைச் சீராக்க உதவும் என்று சொல்லலாம். சர்க்கரை நோய்க்கு மருந்தை நிறுத்திவிட்டு வாருங்கள் என்று சொல்வது பொய். உயிரோடு விளையாடும் பொய். அதுபோலவே ‘குரு’ என்ற இருக்கையில் அமர்ந்தவர் மாணவரின் உடம்பைத் தன் உரிமைபோலத் தொடுவதும் ஒழுக்கக்கேடு. திருத்துவதற்குத் தொட வேண்டுமானால் கேட்டுவிட்டுத் தொட வேண்டும். வேண்டாம் என்றால் அதோடு விட வேண்டும். ‘நம்பிக்கை இருந்தால் கேள்வி எதற்கு’ என்று சொல்பவரிடமிருந்து விலகுவதில் எந்தப் பாவமும் இல்லை.

கடைசியாகக் கட்டணம். பகிர்வது என்று பேசிவிட்டுப் பணம் வாங்கலாமா? வாங்கலாம். ஆசிரியருக்கும் வீட்டு வாடகை உண்டு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் உண்டு. இல்லாதவருக்கு வகுப்பில் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறதா, பணம் கொடுத்தவருக்குக் கிடைக்கும் அதே கவனம் அவருக்கும் கிடைக்கிறதா என்பதுதான் கேட்க வேண்டியது. இன்னொன்றையும் கேட்க வேண்டும். கற்றவர் தன் வீட்டில் தானாகப் பயிலும் நிலைக்கு வந்த பிறகும், அவரை மாதாமாதம் வரவழைத்துக்கொண்டே இருக்கிறோமா? அவர் தன் கணவருக்கோ, மாமியாருக்கோ, பேரப்பிள்ளைக்கோ தான் கற்றதைக் கொஞ்சம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கியிருந்தால், அவருக்குப் பரிமாறும் வேலை நமக்கு முடிந்துவிட்டது. அந்த இடத்தில் அடுத்தவரை உட்காரச் சொல்லலாம்.