சொன்னதும் கேட்டதும்

ஒருவன் ஒரு செய்தியைப் பிறர் காதுபடச் சொல்லிவிட்டால் அவனுடைய கடமை தீர்ந்துவிடுகிறதா? உத்தியோகசாலைகளில் வேலை பார்க்கும் எங்களைப் போன்றவர்கள் இக்கேள்விக்குத் தயாராக ஒரு பதில் வைத்திருக்கிறோம். "சொல்லியாயிற்று" என்பதே அது. ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி உத்தியோகம் பார்க்கும் நானும் பத்து வருஷ காலம் அந்தப் பதிலைச் சொல்லிப் பிழைத்தவன்தான். இப்பொழுது அது பாதிப் பொய் என்பது என் அபிப்பிராயம். அந்த அபிப்பிராயத்துக்கு நான் வந்த வழி சற்றுச் சுற்றுவழி. வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

சில ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் சென்று, சிராங்கூன் சாலையருகே குடியிருக்கும் என் தமக்கையைக் கண்டு வருவது வழக்கம். ஞாயிறு மாலையில் தேக்கா வட்டாரம் எப்படியிருக்கும் என்பதைப் பார்த்தவர் அறிவர். பஸ்ஸின் இரைச்சல், காளியம்மன் கோயில் மணி, கடைக்குக் கடை வெவ்வேறு சினிமாப் பாட்டு. தமிழ், வங்காளம், தெலுங்கு என்று ஆயிரம் வாய்கள். அத்தனைக்கும் நடுவே நடைபாதையோரம் உட்கார்ந்து, கட்டட வேலை செய்யும் இரண்டு புதுக்கோட்டைக்காரர்கள் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சொன்னார்: "காலையில டூல்பாக்ஸ் மீட்டிங்குன்னு நிக்க வைப்பாங்கண்ணே. கடகடன்னு வாசிச்சிட்டுப் பேப்பரை நீட்டுவாங்க. நாங்களும் கையெழுத்துப் போட்டுடுவோம்." "என்னதான் வாசிச்சாங்க?" என்று மற்றவர் கேட்க, "அதை யாரு கண்டா?" என்று இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உயரத்தில் ஏறும் மனிதனுக்குக் கயிற்றை எங்கே மாட்டுவது என்று சொல்வதற்காக ஏற்பட்ட கூட்டமல்லவா அது?

அந்த வேகத்தில் வாசிப்பவன் மனத்தில் என்ன ஓடும் என்பது எனக்குத் தெரியும். விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று, எட்டு அறிவிப்புகளை இரண்டு நிமிஷத்துக்குள் வாசித்து முடிப்பவன் நான். சென்ற வருஷம் ஒரு நாள், "பன்னிரண்டாம் நம்பர் காட்டில் இயந்திரம் வைத்து ஆழமாக வடிகால் வெட்டுகிறார்கள், மாடுகளை அவ்வழி விடக்கூடாது" என்ற அறிவிப்பை ஆறாவதாகவோ ஏழாவதாகவோ வாசித்தேன். நாலாம் நாள் இரவு, தோட்டத்திலேயே நரைத்துப்போன ஒரு மூதாட்டியின் இரண்டு பசுக்களில் ஒன்று அந்தப் பள்ளத்தில் விழுந்து இறந்தது. மானேஜர் விசாரித்தார். "பெரட்டில் சொல்லியாயிற்று" என்றேன். புத்தகத்தில் தேதியும் இருந்தது. விஷயம் தீர்ந்தது. அந்த அம்மாள் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. "நீங்க சொன்னீங்கய்யா. காதுல விழுந்துச்சு, மண்டையில ஏறல" என்று மட்டும் சொன்னார்.

காதில் விழுவதும் மண்டையில் ஏறுவதும் இரண்டு காரியங்கள். இந்த வித்தியாசத்தை அறிஞர்கள் கருவி வைத்து அளந்திருக்கிறார்கள் என்பதைப் பின்னர்தான் படித்தறிந்தேன்.

1924-ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்து யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் என்னும் வைத்தியர் மனிதனுடைய மூளையின் மின்னசைவை முதன்முதலாகப் பதிவு செய்தார். ஐந்து வருஷம் தயங்கி 1929-இல் அதை வெளியிட்டார். கண்ணை மூடிச் சும்மா இருப்பவனுடைய மூளையிலும் விநாடிக்குப் பத்துத்தரம் என்னும் அளவில் ஓர் அலை எழுந்து விழுவதை அவர் கண்டார். 1934-இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன், மாத்யூஸ் என்போர் அதை மெய்ப்பித்துக் காட்டிய பிறகே அறிஞருலகம் நம்பியது. மூளை சும்மா இருப்பதில்லை, அதற்கென்று லயங்கள் உண்டு என்பது அன்று தொட்டு ஏற்பட்ட அறிவு.

பேச்சுக்கும் லயம் உண்டு. பல பாஷைகளை அளந்து பார்த்ததில், மனிதப் பேச்சின் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய ஐந்து தரம் பொங்கித் தாழ்கிறது. இசை இரண்டு தரம் அளவில். ஒருவன் பேச்சைக் கேட்கும்போது, செவிப்புலனுக்குரிய மூளைப் பகுதியில் விநாடிக்கு நான்கு முதல் எட்டுத்தரம் வரை ஆடும் அலை, அப்பேச்சின் அசைகளோடு சேர்ந்து நடைபோடுகிறது. அலையின் ஒரு கட்டத்தில் நரம்பணுக்கள் விழிப்பாக இருக்கின்றன. மறு கட்டத்தில் மந்தமாகின்றன. தீ அணைக்க வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். வாளி வரும் நேரத்தில் கை நீண்டிருந்தால்தான் தண்ணீர் சிந்தாது. அசை வரும் நேரத்தில் மூளையின் கை நீண்டிருக்கும்படி அந்த லயம் பார்த்துக்கொள்கிறது என்பது பலருடைய கொள்கை. அது மூளையின் சொந்த லயமா, அல்லது வந்த ஒலியின் எதிரொலி மட்டுமா என்று அறிஞர்களுக்குள் வழக்கு இன்னும் நடக்கிறது. அதைத் தீர்க்க எனக்குப் படிப்புப் போதாது.

2012-ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவில் மெஸ்கரானி, சாங் என்னும் இருவர் செய்த சோதனை, தேக்கா நடைபாதையைச் சோதனைச்சாலைக்குள் கொண்டுவந்தது போன்றது. வலிப்பு நோய்ச் சிகிச்சைக்காக மூளைமேல் மின்வாய் பொருத்தப்பட்டவர்களுக்கு ஒரே சமயத்தில் இரண்டு பேர் பேச்சைக் கேட்கச் செய்தார்கள். செவியில் இரண்டும் விழுந்தன. ஆனால் மூளையின் பதிவிலிருந்து, அந்த நோயாளி யாரைக் கவனித்தாரோ அவர் பேச்சையே பெரும்பாலும் மீட்டெடுக்க முடிந்தது. புதுக்கோட்டைக்காரர் இருவரும் அத்தனை இரைச்சலில் பேசிக்கொண்ட மர்மத்தின் ஒரு பகுதி இது.

என்னை உலுக்கியது மற்றொரு சோதனை. 2009-இல் கித்ஸா, கிரீன்பர்க் என்னும் இருவர் பேச்சை மூன்று மடங்கு வேகப்படுத்திக் கேட்கவைத்தார்கள். பாதிக்கு மேற்பட்ட சொற்கள் தவறின. பிறகு அதே வேகப் பேச்சைச் சிறு சிறு துண்டுகளாக்கி, துண்டுக்குத் துண்டு நடுவே கொஞ்சம் மௌனத்தை வைத்து, பழைய நடைக்குக் கொண்டுவந்தார்கள். தவறுகள் பெரிதும் குறைந்தன! ஒரு சொல் கூடுதலாகச் சேர்க்கவில்லை. ஓர் எழுத்தைத் திருத்தவில்லை. சேர்த்தது வெறும் மௌனம். கேட்பவனுடைய மூளைக்கு வேண்டியிருந்தது செய்தியல்ல, அவகாசம்.

இது நம்மவருக்கு முற்றிலும் புதிதா? தொல்காப்பியர் எழுத்தின் அளவைச் சொல்லும்போது நூலையோ கோலையோ தேடவில்லை. கண் இமைப்பதையும் கை நொடிப்பதையும் மாத்திரை என்றார். பாஷையை மனித உடம்பின் காலத்தால் அளந்தவர் அவர். தவிலும் மிருதங்கமும் பழகுகிற பிள்ளை, கையால் அடிக்குமுன் வாயால் 'தகதிமி' என்று சொல்லிப் பழகுகிறான். முழவின் அடி அவனுக்கு முதலில் பேச்சாக வருகிறது. தாளத்தின் அலகுக்கும் எழுத்துக்கும் 'அட்சரம்' என்ற ஒரே பெயரை வைத்தார்கள். இப்படிப்பட்டவர்களின் வழிவந்த நான், பெரட்டில் எட்டு அறிவிப்பை ஒரே மூச்சில் வாசித்தேன். ஆங்கிலப் பள்ளியின் முதல் வருஷம் எனக்கு மறந்துபோயிருக்கலாகாது. வகுப்பில் பொழிந்த ஆங்கிலம் எங்கே ஒரு சொல் முடிகிறது, எங்கே மறுசொல் தொடங்குகிறது என்று தெரியாத ஒரே பெருக்காக இருந்தது. பேச்சொலியில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. வெட்டிப் பிரிப்பது கேட்பவனே. அன்று நான் மக்கு என்று நினைத்துக்கொண்டேன். இன்று என் பெரட்டில் நிற்கும் வங்காளத்தாரும் இந்தோனேசியரும் தங்களைப் பற்றி அப்படித்தான் நினைத்துக்கொள்கிறார்கள் போலும்.

இங்கே ஓர் ஆக்ஷேபம் எழும். லயத்தோடு வருவதெல்லாம் மண்டையில் ஏறுமென்றால், லயம் தெரிந்த ஏமாற்றுக்காரனுக்கு அது கொண்டாட்டமல்லவா? உண்மையே. கோஷமும், மேடைப் பிரசங்கமும், கூட்டத்தைக் கிளப்பும் முரசும் அந்தக் கதவு வழியாகத்தான் நுழைகின்றன. கதவு திறப்பது லயம். வந்தவன் யார் என்று அது விசாரிப்பதில்லை. சிங்கப்பூர்ச் சர்க்காருக்கும் முழவின்மேல் ஓர் அச்சம் இருந்திருக்கிறது. சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலுக்குச் செல்லும் தைப்பூச ஊர்வலத்தில் வாத்தியம் கூடாதென்று 1973-இல் தடை வந்தது. கோஷ்டிச் சண்டையும் ஊர்வலம் தடைப்படுவதும் காரணமாகச் சொல்லப்பட்டன. 2016-இல் வழியில் மூன்று இடங்களில் இசைக்கு அனுமதி கிடைத்தது. 2019-இல் தவில் முதலான தோற்கருவிகளுக்கும் இடம் கொடுத்தார்கள். காவடி எடுப்பது தகுமா என்பது வேறு வழக்கு. அதில் நான் எந்தப் பக்கம் என்று நண்பர்கள் அறிவார்கள். ஆனால் பாரம் சுமந்து நடக்கும் மனிதனுக்கு முழவு வெறும் சத்தமல்ல. அடுத்த அடி எப்பொழுது என்று அது அவனுக்குச் சொல்லுகிறது. முழவு இருந்த இடத்தில் சண்டையும் இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. இரண்டும் ஒன்றே என்பதைத்தான் மறுக்கிறேன்.

ஆகையால் லயத்தால் தீமையும் வரும் என்பதற்காக, கடகடவென்று வாசிப்பவன் குற்றமற்றவனாகிவிடமாட்டான். ஏமாற்றுக்காரன் கேட்பவனுடைய காலத்தைத் தன் காரியத்துக்குப் பயன்படுத்துகிறான். என் போன்ற கிராணியோ அந்தக் காலத்தைக் கொடுக்கவே மறுத்துவிட்டு, பிறகு கையெழுத்தைக் காட்டித் தப்புகிறான். முன்னவனுக்காவது, தான் சொன்னது மற்றவன் மண்டையில் ஏறவேண்டும் என்ற விருப்பம் உண்டு!

இப்பொழுது எட்டு அறிவிப்புக்கு ஏழு நிமிஷம் ஆகிறது. ஒவ்வொன்றுக்கும் பிறகு நிறுத்துகிறேன். முதல் வாரம் ஜனங்கள் கிராணிக்கு உடம்பு சரியில்லை என்று பேசிக்கொண்டார்கள். லாரி காத்து நிற்பதாக மானேஜர் இரண்டு தரம் சொல்லியனுப்பினார். மூன்றாந்தரம் அவரே வருவார் என்று எதிர்பார்த்திருக்கிறேன். அந்த அம்மாள் வழக்கம்போல் கடைசி வரிசையில்தான் நிற்கிறார். அவர் தலையை நிமிர்த்தும் வரை நான் அடுத்த தாளைத் திருப்புவதில்லை. மிஞ்சிய பசு போன மாதம் கன்று ஈன்றது. சீம்பால் கொண்டுவந்து வாசலில் வைத்தார். என்னால் அதைக் குடிக்க முடியவில்லை.