சந்திராதித்தவரை
தா.பழூரில் முப்பது வருஷமாகப் பத்திரம் எழுதுகிறேன். போன ஆடியில் எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த ஐயா வந்தார். ஓட்டு வீட்டை மகன் பேருக்குத் தான செட்டில்மென்ட் எழுத வேண்டும். திண்ணையும் புத்தக அலமாரியும் இருந்தபடியே இருக்கணுமாம். “எவனும் விக்கக் கூடாதுன்னு ஒரு வரி போடு தம்பி.”

“எழுதலாம் ஐயா, செல்லாது.”

சொத்து மாற்றுச் சட்டம், 1882, பிரிவு 10. கொடுத்த சொத்தை விற்கவே கூடாதென்று கொடுத்தவர் கட்டிப்போட முடியாது. நாங்கள் எழுதும் வாசகமே ‘தானாதி வினியோக விற்கிரயங்களுக்கு யோக்கியமாய்’ என்றுதானே போகிறது.

“போயஸ் தோட்டத்து வீட்டுக்கு மட்டும் சட்டம் போட்டாங்களே?”

போட்டார்கள். ஜெயலலிதாவின் வேதா நிலையத்தை நினைவில்லமாக்க 2020இல் தனிச் சட்டம் வந்தது. 67 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடாக நீதிமன்றத்தில் கட்டினார்கள். 2021 நவம்பரில் உயர் நீதிமன்றம் கையகப்படுத்தலை ரத்து செய்தது. டிசம்பரில் சாவி அண்ணன் பிள்ளைகளிடம் போனது.

அரசியலை விடுங்கள். எனக்கு உறுத்தியது வேறு. தானம் என்றால், கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே வாங்குபவர் ஏற்க வேண்டும். அதே சட்டம், பிரிவு 122. நீர் வார்க்க ஒரு கை வேண்டும் என்று பெரியவர்கள் வைத்ததும் அதைத்தான். அந்த அம்மா உயில் எழுதாமல் போனவர். இல்லாத கைக்குப் பதிலாக அரசு தன் கையால் வார்த்தால் அதற்கு என்ன பேர்? விலை கொடுத்து எடுத்தது என்று சொல்லலாம். தர்மம் என்று எழுத என் பேனா வராது.

பக்கத்தில் கங்கைகொண்ட சோழபுரம். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் கொடை ‘சந்திராதித்தவரை’, சந்திரன் சூரியன் உள்ளவரை, நிற்க வேண்டும் என்று வரும். அழித்தவனுக்குக் கங்கைக் கரையில் பசுவைக் கொன்ற பாவம் என்ற மிரட்டலும் உண்டு. ஆனால் காப்பவன் பாதம் என் தலைமேல் என்கிற இடம்தான் என்னை நிறுத்தும். இன்னும் பிறக்காத எவனோ ஒருவன் காலை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொள்கிறான் கொடுத்தவன். அவனுக்கும் தெரிந்திருக்கிறது, கட்டிப்போட முடியாது, கேட்கத்தான் முடியும் என்று.

கேட்டும் என்ன? 1836இல் அந்த ஊர்க் கோயில் மதிலைப் பெயர்த்துக் கொள்ளிடத்துக் கீழணைக்குக் கொண்டுபோனார்கள். திட்டவும் வாய் வரவில்லை. அந்த அணைத் தண்ணீர்தான் வீராணம் ஏரிக்குப் போகிறது.

இதையெல்லாம் ஐயாவிடம் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாததா. வெற்றிலையை மடித்தபடி, “செல்லாட்டியும் போடு. கடைசியில போடு. கல்வெட்டுல அங்கதான் இருக்கும்” என்றார்.

சொத்து விவரத்துக்கு மேலே இடம் விட்டு, அந்த வரியை எழுதினேன்.