இழந்த டிரெய்லருக்கு ஈடு உண்டா?

பயண டிரெய்லர் என்பது காரின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் சிறு வீடு. படுக்கை, அடுப்பு, மடக்கு மேசை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஐந்தாறு மீட்டர் நீளத்துக்குள் அடங்கிவிடும். வட அமெரிக்காவில் 1930களில் பரவத் தொடங்கிய இந்த வண்டி, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நெடுஞ்சாலைகளும் விடுமுறைப் பயணங்களும் பெருகியபோது நடுத்தரக் குடும்பங்களின் கைக்கு வந்தது. வாலி பயாம் 1931இல் தொடங்கிய ஏர்ஸ்ட்ரீம் நிறுவனம், 1936இல் கிளிப்பர் என்ற வண்டியை வெளியிட்டது. விமானம் கட்டுவதைப் போலவே அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்துச் சேர்த்து அதன் உடலைச் செய்தார்கள். 1941இல் பிறந்த ஷாஸ்டா நிறுவனம் எளிமையான வண்டிகளைச் செய்தது; மரச்சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு போர்த்தி, பின்பக்கம் இருபுறமும் சிறு இறக்கைகள் பதித்தவை அவை.

இத்தகைய வண்டிகளில் கோடைக்காலங்களைக் கழித்த பிள்ளைகள் இன்று தாத்தா பாட்டிகள். வண்டியோ பல வீடுகளில் இல்லை. பணமுடையில் விற்கப்பட்டிருக்கும், பழத்தோட்டத்து ஓரத்தில் நின்று மக்கியிருக்கும், காட்டுத்தீயில் போயிருக்கும். அதற்கு ஈடாக அதே ஆண்டு, அதே மாடல் வண்டி ஒன்றைத் தேடி அலைவோர் அமெரிக்காவில் நிறையப் பேர். விற்பனை விளம்பரங்களைப் பார்க்கிறார்கள், பழைய வண்டிக்காரர்களின் கூடல்களுக்குப் போகிறார்கள், பண்ணைகளின் கொட்டகைகளில் எட்டிப்பார்க்கிறார்கள். அவர்களுடைய தேடலுக்குள் சமயங்களும் தத்துவங்களும் நெடுங்காலமாக மோதிவரும் ஒரு கேள்வி இருக்கிறது. ஒன்று போனபின் அதன் இடத்தை இன்னொன்று நிரப்ப முடியுமா?

தேடல் இரு வகைப்படும். குடும்பம் இழந்த அந்த ஒரே வண்டியைத் தேடுவது முதல் வகை. இதற்குத் துணை வரிசை எண். எல்லா வண்டிகளுக்கும் ஒரே முறையிலான 17 இலக்க எண் அமெரிக்காவில் 1981ஆம் ஆண்டு மாடல்களிலிருந்தே வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் எண் இட்டது. பல டிரெய்லர்களில் அந்த எண் காருடன் பூட்டும் முன்னிரும்பில் பொறிக்கப்பட்டிருக்கும். பழைய பதிவுச் சீட்டு ஒன்று அலமாரியில் கிடந்தால் தேடலுக்கு ஒரு பிடி கிடைக்கும். அந்த வகையைச் சேர்ந்த ஏதேனும் ஒரு வண்டியைத் தேடுவது இரண்டாம் வகை. முதலாவதில் வேண்டப்படுவது ‘அதுவே’. இரண்டாவதில் ‘அது போன்றது’. பெரும்பாலோர் முதலாவதில் தொடங்கி, கிடைக்காமல், இரண்டாவதுக்கு வந்து சேர்கிறார்கள். வந்து சேர்ந்தபின் இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதில்தான் துயரம் மிகுகிறது.

முதல் வகையும் தோன்றும் அளவுக்குத் தெளிவானதல்ல. ஜன்னல் ஓரத்திலும் கூரை இணைப்பிலும் மழைநீர் கசிந்து மரச்சட்டத்தை உளுக்கச் செய்வது இவ்வண்டிகளின் பொதுவான நோய். தரைப் பலகை முதலில் போகும். புதுப்பிப்பவர் தகட்டைக் கழற்றினால், சட்டம், தரை, உள்பலகை, வயரிங், அச்சு என்று மாற்றிக்கொண்டே போக நேரும். கடைசியில் எஞ்சிய பழையது எவ்வளவு? தீசியசின் கப்பலைப் பற்றி புளூட்டார்க் எழுதியது இதே சிக்கல். ஏதென்சு நகரத்தார் உளுத்த பலகையை எடுத்துப் புதுப் பலகை பொருத்தி அக்கப்பலைக் காத்துவந்தனர். அது அதே கப்பல்தானா என்று தத்துவவாதிகள் வாதிட்டனர். தாமஸ் ஹாப்ஸ் 1655இல் சிக்கலை இன்னும் இறுக்கினார்: கழற்றிய பழைய பலகைகளையெல்லாம் ஒருவர் சேர்த்துவைத்து அதே ஒழுங்கில் கட்டினால், இரண்டில் எது தீசியசின் கப்பல்?

சட்டம் இதற்குச் சுருக்கமாக விடை சொல்லிவிடுகிறது: எண் எங்கே இருக்கிறதோ அங்கே வண்டி இருக்கிறது. ஆனால் தீயில் போன வண்டியை எடுத்துக்கொண்டால் இந்த விடையின் வறுமை தெரியும். அலுமினியம் 660 டிகிரி செல்சியசில் உருகிவிடும். 2018இல் கலிபோர்னியாவின் பாரடைஸ் ஊரை அழித்தது போன்ற தீயில் மரமும் தகடும் போய், எஃகு அடிச்சட்டம் மட்டும் கருகி நிற்கும். எண் பொறித்த இரும்பு அதில்தான் இருக்கிறது. அதன்மேல் புது உடல் கட்டினால் பதிவேட்டின்படி அது பழைய வண்டி. அதில் படுத்துறங்கிய பிள்ளைக்கோ அது ஓர் இரும்புச் சட்டம், அவ்வளவே.

இரண்டாம் வகைத் தேடலில் மையமாக நிற்பது அடையாளங்கண்டுகொள்ளும் கணம். யாரோ ஒருவரின் கொல்லையில் நிற்கும் ஷாஸ்டாவின் கதவைத் திறந்ததும், மஞ்சள் நிற பிர்ச் பலகையும் பழைய அடுப்பின் வாடையும் சேர்ந்து, வந்தவரை ‘இதுதான்’ என்று சொல்ல வைக்கின்றன. இந்திய மெய்யியலில் இக்கணத்துக்குப் பிரத்தியபிஞ்ஞை என்று பெயர். முன்பு கண்ட அதுவே இது என்று அறிதல். பொருள் நிலைத்திருக்கிறது என்பதற்கு இதையே சான்றாகக் காட்டினர் நியாயவாதிகளும் மீமாம்சகரும். ஒவ்வொன்றும் கணந்தோறும் அழிந்து வேறாகிறது என்று கொண்ட பௌத்தர் அதை ஏற்கவில்லை. வெட்டிய நகமும் முடியும் மீண்டும் வளர்ந்தபோது ‘அதே முடி’ என்கிறோம். எரியும் விளக்கை ‘அதே சுடர்’ என்கிறோம். ஒப்புமை ஏமாற்றுகிறது, அவ்வளவே என்றனர். இந்த வழக்கு தமிழிலும் விரிவாக நடந்தது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பௌத்தரின் கணபங்கக் கொள்கையை எடுத்துவைத்து மறுக்கும் பகுதி உண்டு.

டிரெய்லரைப் பொறுத்தவரை பௌத்தர் சொல்வதே சரி. ஒரே ஆலையில் ஒரே அச்சில் வந்த வண்டிகளில் ஒன்றைக் கண்டு ‘அதுவே’ என்பது வளர்ந்த முடியைப் பழைய முடி என்பதுதான். ஆயினும் எதிர்த்தரப்பின் வாதத்தில் தள்ள முடியாத ஒன்று இருக்கிறது. முன்பு கண்டவரும் இப்போது காண்பவரும் ஒருவராக இல்லாவிட்டால் இந்த அறிவே எழ இடமில்லை என்பது அது. ஆகவே கொல்லையில் எழுந்த ‘இதுதான்’ வண்டியைப் பற்றி எதையும் நிறுவவில்லை. கண்டவரைப் பற்றி நிறுவுகிறது. அறுபது ஆண்டுகள் கடந்தும் அந்தச் சிறுவன் அவருக்குள் போகாமல் இருக்கிறான். தேடுவோர் பலருக்கு உண்மையில் வேண்டியிருந்த உறுதி இதுவாக இருக்கலாம். அப்படியானால் அந்தக் கண்ணீரைப் பிழையான அறிவின் விளைவு என்று ஒதுக்குவது நியாயமாகாது.

அச்சு அசலான நகல் போதாதா என்ற கேள்விக்குக் குழந்தைகளிடம் விடை தேடிய ஆய்வு ஒன்று உண்டு. புரூஸ் ஹூட், பால் புளூம் இருவரும் 2008இல் வெளியிட்டது. எதையும் நகலெடுத்துவிடும் என்று நம்பவைத்த ஒரு பெட்டியை மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்குக் காட்டினார்கள். வேறு பொம்மைகளுக்கு நகலை வாங்கிக்கொள்ளத் தயங்காத வயது அது. ஆனால் தினமும் கட்டிக்கொண்டு உறங்கும் தங்கள் பொம்மை அல்லது போர்வை என்றால் பெரும்பாலோர் பழையதையே திருப்பிக் கேட்டனர்; சிலர் அதைப் பெட்டிக்குள் வைக்கவே விடவில்லை. தொட்டது, உடன் இருந்தது என்ற வரலாறு பொருளின் குணங்களில் ஒன்றல்ல. அதனால் எந்தப் பெட்டியாலும் அதை நகலெடுக்க முடியாது. 2015இல் ஷாஸ்டா பெயரில் 1961ஆம் ஆண்டின் ஏர்ஃபிளைட் மாடலை 1,941 வண்டிகளாக மீண்டும் செய்து விற்றார்கள். கசிவில்லாத, உளுக்காத வண்டி வேண்டுவோர்க்கு அது தக்க விடை. இழந்ததற்கு ஈடு தேடுவோர்க்கு உளுத்த பழைய வண்டியே மேலானதாகப் படுவதில் அறிவீனம் இல்லை. அதே வண்டியாக இல்லாவிட்டாலும் அது அதே கோடைக்காலங்களில் அதே சாலைகளில் ஓடியிருக்கக்கூடியது.

ஈடு பற்றிச் சமயங்கள் சொல்வதில் மிகக் கடினமான இடம் விவிலியத்தில் வரும் யோபுவின் கதை. யோபு இழந்த 7,000 ஆடுகள் இறுதியில் 14,000 ஆகத் திரும்பின, 3,000 ஒட்டகங்கள் 6,000 ஆயின. ஏழு மகன்களும் மூன்று மகள்களும் மட்டும் இரட்டிக்கவில்லை. மறுபடி ஏழும் மூன்றுமே பிறந்தனர். இறந்த பிள்ளைகள் இறைவனிடம் வாழ்கிறார்கள், அவர்களையும் சேர்த்தால் இரட்டிப்புதான் என்று விளக்குவது விவிலிய உரைமரபில் உண்டு. அந்த விளக்கத்தை ஏற்பதும் விடுவதும் நம்பிக்கையைப் பொறுத்தது. ஆனால் கதை போடும் கோடு எவருக்கும் தெரியும்: ஆட்டுக்கு ஆடு ஈடாகும், பிள்ளைக்குப் பிள்ளை ஈடாகாது. டிரெய்லர் இந்தக் கோட்டின் எந்தப் பக்கம்? பொருள் என்ற அளவில் ஆட்டின் பக்கம்தான். ஆனால் அதைத் தேடிப் புறப்படுவது பெரும்பாலும் அதை ஓட்டிய தந்தை இறந்தபின், அதில் சமைத்த தாய் நினைவிழந்தபின். அவர்களுக்கான துக்கம் வண்டியின்மேல் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. எந்த வண்டி கிடைத்தும் மனம் ஆறாமல் அடுத்ததைத் தேடுபவர் தேடுவது வண்டியை அல்ல.

இழப்பதற்கு முன்பே கைமாற்றிவிடும் வழியையும் சமயங்கள் வைத்திருக்கின்றன. புரி ஜகந்நாதர் கோயிலில் மரத் திருமேனிகள் முதுமையடையும் என்பதை ஒப்புக்கொண்டே வழிபாடு நடக்கிறது. ஆஷாட மாதம் இரண்டு வரும் ஆண்டில் நவகளேபரம் என்ற சடங்கை நடத்தி, புதிய மரத்தில் வடித்த திருமேனிக்குள் பழையதிலிருந்து பிரம்ம பதார்த்தம் எனப்படும் புனிதப் பொருளை மாற்றுகிறார்கள்; மாற்றும் அர்ச்சகரின் கண்கள் கட்டப்பட்டிருக்கும். கடைசியாக 2015இல் நடந்தது. தமிழகக் கோயில்களில் திருப்பணி தொடங்குமுன் மூலவரின் ஆற்றலைப் பாலாலயத்துக்கு மாற்றிவைத்து, குடமுழுக்கில் திரும்பச் சேர்ப்பதும் இந்த அறிவுதான். பொருள் மாறலாம், கைமாற்றம் அறுந்துவிடக் கூடாது.

டிரெய்லர் உலகிலும் இதற்கு இணையான ஒன்று உண்டு. 1955இல் கனடாவின் கெண்ட்வில் ஊரில் தோன்றிய வாலி பயாம் கேரவன் சங்கம், உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தந்தது. அதைப் பெரிய சிவப்பு இலக்கங்களில் வண்டியின் நெற்றியில் ஒட்டிக்கொள்வார்கள். அந்த எண் வண்டிக்கு உரியதல்ல, உறுப்பினருக்கு உரியது. வண்டியை மாற்றினால் எண் புது வண்டிக்கு ஏறும். பழைய வண்டி கண்முன் இருக்கும்போதே அதன் விளக்கையோ கதவுப்பிடியையோ புதியதில் பொருத்துபவரும் இதைத்தான் செய்கிறார். முற்றிலும் இழந்தவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர் மாற்றித் தர எஞ்சியிருப்பது பழக்கம் மட்டுமே: எந்த ஏரிக்கரைக்குப் போவது, காலையில் யார் காப்பி போடுவது, மழை வந்தால் என்ன ஆட்டம். இது சிறிதல்ல. ஆயினும் அது மனிதர் வழியாக வருகிறது, வண்டி வழியாக அல்ல.

பற்றை விடச் சொல்லும் மரபுகள் இத்தேடலையே குற்றமாகக் காணுமா என்பது எஞ்சும் கேள்வி. பௌத்தம் உபாதானம் என்று சொல்வது விருப்பத்தை மட்டுமல்ல, விடாப்பிடியை. அப்படிப் பார்த்தால் பிழை தேடலில் இல்லை. கிடைத்தது ‘அதுவே’ ஆக வேண்டும் என்ற வற்புறுத்தலில் இருக்கிறது. அந்த வற்புறுத்தலால் பாதிக்கப்படுவது தேடுபவர் மட்டுமல்ல. விற்பனைக்கு வரும் பழைய வண்டி ஒவ்வொன்றும் வேறொரு குடும்பத்தின் வண்டி. அலமாரிக் கதவின் உட்புறம் வேறு பிள்ளைகளின் உயரம் பென்சிலால் குறிக்கப்பட்டிருக்கக் கூடும். வாங்கியவர் தன் நினைவிலுள்ள வண்டிக்கு ஒப்பாக்குவதற்காக அதைத் தேய்த்து வண்ணம் பூசினால், தன் இழப்பை ஆற்றிக்கொள்ள இன்னொருவரின் சுவட்டை அழிக்கிறார். சட்டப்படி அது அவர் உரிமை. ஆனால் கைமாற்றம் நடப்பது இழந்த வண்டியிலிருந்து அல்ல, விற்பவரின் கையிலிருந்து. உரிமைச் சீட்டில் முன் பெயராக இருப்பது அந்தக் குடும்பத்தின் பெயர். பென்சில் கோடுகளை அப்படியே விட்டு, பக்கத்தில் தன் பேரப்பிள்ளைகளின் உயரத்தைக் குறிப்பதும் அந்தச் சீட்டு தரும் உரிமைக்குள் அடங்கும்.