புயலுக்கு முகவரி இல்லை

2018ஆம் ஆண்டு கொடைக்கானல் மலையில், பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி பூத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் மலைக்கு மேற்கே கேரளம் வெள்ளத்தில் மூழ்கியது. 400க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நவம்பர் 16ஆம் தேதி, விடிவதற்கு முன்பே வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், டெல்டாவின் தென்னைகளைச் சாய்த்துவிட்டு மேற்கே வந்து பழனி மலைத்தொடரிலும் ஏறியது. மரங்கள் விழுந்து மலைச்சாலைகள் அடைபட்டன. பூவும் வெள்ளமும் புயலும் ஒரே ஆண்டில். "குறிஞ்சி பூத்தால் எங்கேயோ ஒரு அழிவு நிச்சயம்" என்று அப்போது ஒருவர் சொல்லியிருந்தால், கேட்டவருக்கு மறுக்க நா எழுந்திருக்காது.

மறுக்க வேண்டாம். அவர் சொல்வதையே எடுத்துக்கொண்டு பன்னிரண்டு பன்னிரண்டு ஆண்டாகப் பின்னால் போவோம். 2006: மே 27இல் ஜாவாத் தீவின் யோக்யகர்த்தா பக்கம் நிலநடுக்கம், 5,000க்கும் மேற்பட்டோர் சாவு. 1994: அக்டோபர் 31 அன்று சென்னை அருகே புயல். 1982: மெக்சிகோவில் எல் சிச்சோன் எரிமலை வெடித்தது. 1970: நவம்பரில் கிழக்கு வங்கத்தைப் போலா புயல் தாக்கியது, லட்சக்கணக்கானோர் செத்தார்கள். ஐந்து பூப்பு, ஐந்து பேரிடர். சொன்னவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

அதோடு நிறுத்தினால்தான் அவருக்கு வெற்றி. குறிஞ்சி பூக்காத ஆண்டுகளையும் கேட்டுப்பார்க்க வேண்டும். தனுஷ்கோடியைக் கடல் கொண்டது 1964இல். ஆந்திரக் கரையில் பெரும்புயல் அடித்தது 1977இல். குஜராத் பூகம்பம் 2001. சுனாமி 2004. சென்னை வெள்ளம் 2015. இவற்றில் ஒன்றிலும் மலையில் பெரும்பூப்பு இல்லை. உலகம் முழுவதையும் தேடும் இடமாக வைத்துக்கொண்டால், எந்த ஆண்டும் ஒரு பேரழிவு இல்லாமல் போகாது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்கள். அந்தப் பழமொழியில் ஒரு காக்கை, ஒரு பனை. கைபேசியில் ஓடும் செய்தியில் ஆயிரம் பனை நிற்கிறது; காக்கை எங்கே உட்கார்ந்தாலும் ஏதோ ஒரு பழம் விழும்.

இப்படிப் பூவையும் பேரிடரையும் சேர்ப்பது பொதுவில் போடும் முடிச்சு. வாய்க்கு அவல், அவ்வளவுதான். தனக்கென்று போட்டுக்கொள்ளும் முடிச்சு ஒன்று உண்டு. அது ஆளையே தின்றுவிடும்.

குழந்தை பிழைத்தால் பழனிக்கு வந்து மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்ட ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். குழந்தை பிழைத்துவிட்டது, மொட்டை தள்ளிப்போகிறது. அறுவடை, பிறகு வீட்டு வேலை, பிறகு கடன். இப்படி இருக்கையில் 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போன செய்தி தொலைக்காட்சியில் வருகிறது. அவர் பார்க்கிறார். மலை, மழை, உறக்கத்தில் போன குழந்தைகள். "இது எனக்குச் சொன்னது" என்று அடிவயிற்றில் ஒன்று புரள்கிறது. அன்றிரவு அவர் தூங்குவதில்லை.

அவர் முட்டாள் அல்ல. அவருக்குள் குற்ற உணர்வு முன்னமே இருந்தது, உருவம்தான் இல்லை. செய்தி அதற்கு உருவம் கொடுத்தது. மொட்டை நினைவே இல்லாமல் அவர் பார்த்துவிட்டு மறந்த வெள்ளங்களும் பூகம்பங்களும் எத்தனையோ. அவற்றை மனம் கணக்கில் எழுதுவதில்லை. நெஞ்சு கனத்த நாளில் வந்த ஒரு செய்தி மட்டும் எழுதப்படுகிறது. காரணமே இல்லாத துன்பத்தைவிட, தன் தவறால் வந்த துன்பம் தாங்கிக்கொள்ள எளிது என்பதும் உண்மை. தவறு என்றால் பரிகாரம் உண்டு. காரணமில்லை என்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

ஆனால் ஒன்றை அவரிடம் மெதுவாகச் சொல்லத்தான் வேண்டும். வயநாட்டு மலைச்சரிவில் இரண்டு நாளில் 500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ஊறிப்போன மண் பாறையை விட்டு வழுகியது. 200க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பலருடைய உடல் சாலியாற்றில் பல கிலோமீட்டர் கீழே கிடைத்தது. திண்டுக்கல் மாவட்டத்தில் ஒருவருக்கு நேர்த்திக்கடனை நினைவூட்டவா இத்தனை பேர்? அவர்களுக்கு அவர்கள் வாழ்க்கை இருந்தது. இவருடைய கடிதத்துக்கு அவர்கள் காகிதம் அல்லர். பணிவு போலத் தோன்றும் இந்த எண்ணத்துக்குள், உலகம் என்னைச் சுற்றியே நடக்கிறது என்ற நினைப்பு ஒளிந்திருக்கிறது. அது அவருக்கே தெரியாது.

பெரிய மனிதர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். 1934 ஜனவரி 15 அன்று பிகாரிலும் நேபாளத்திலும் பூமி குலுங்கி 10,000 பேருக்கு மேல் மாண்டபோது காந்தி தென்னிந்தியாவில் தீண்டாமை எதிர்ப்புப் பயணத்தில் இருந்தார். ஜனவரி 24 அன்று திருநெல்வேலிக் கூட்டத்தில், தீண்டாமை என்னும் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை இந்தப் பூகம்பம் என்று பேசினார். தாகூருக்குப் பொறுக்கவில்லை. இயற்கை நிகழ்வுக்கு இயற்கையில்தான் காரணம் தேட வேண்டும், இப்படிப் பேசுவது மக்களின் பகுத்தறிவைக் குலைக்கும் என்று எழுதினார். அந்தக் கண்டனத்தைக் காந்தி தம்முடைய 'ஹரிஜன்' இதழிலேயே பிப்ரவரியில் வெளியிட்டு, பதிலும் எழுதினார். தம் நம்பிக்கையை நிறுவ முடியாது என்று ஒப்புக்கொண்டார், கைவிடவில்லை.

தாகூர் சுட்டிய ஒரு வாதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. இந்தத் தர்க்கத்தை எதிராளியும் எடுத்துக்கொள்ளலாம். எடுத்தும் கொண்டார்கள்: தீண்டாமையை ஒழிக்கக் கிளம்பியதால்தான் தெய்வம் கோபித்தது என்று சனாதனிகள் சொன்னார்கள். ஒரே பூகம்பம், நேர் எதிரான இரண்டு செய்திகள். காந்திக்குச் சாதகமாக ஒன்று சொல்லலாம். அவர் விரலைத் தம் பக்கமே நீட்டினார். பேரிடரில் செய்தி படிப்பவர்களில் பெரும்பாலோர் பக்கத்து வீட்டை நோக்கியே நீட்டுவார்கள். என்றாலும் இடிபாட்டில் செத்தவர்களில் தீண்டாமையால் நொந்தவர்களும் இருந்தார்களே! பூமி சாதி பார்த்துக் குலுங்கவில்லை. அந்த வாதத்தில் தாகூர் பக்கமே நியாயம் இருந்தது என்பது என் முடிவு.

எழுபது ஆண்டு கழித்துச் சுனாமி வந்தபோதும் இதே கதை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணிக் கடற்கரையில் இருந்த யாத்திரிகர்கள் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள், பேராலயம் நின்றது. நின்றதை ஒரு சாரார் அற்புதம் என்றார்கள். திருச்செந்தூரில் கடல் உள்வாங்கியது. முருகன் காத்தான் என்றார்கள் பக்தர்கள். இலங்கைத் தீவு குறுக்கே கிடப்பதால் மன்னார் வளைகுடாக் கரைக்கு அலை முழு வேகத்தில் வரவில்லை. அதே அலை தீவின் தென்முனையைச் சுற்றி வளைந்து வந்து குளச்சலில் அடித்தது. திருச்செந்தூருக்கு அருள் என்றால் குளச்சல் மீனவர்களுக்கு என்ன சொல்வது? நாகப்பட்டினம் மாவட்டத்தில் போன 6,000க்கும் மேற்பட்ட உயிர்களுக்கு என்ன சொல்வது? நம்பிக்கை ஆறுதல் தரட்டும். அதில் எனக்குப் புகார் இல்லை. பிழைத்தவனின் நன்றி, செத்தவன் மீது சுமத்தும் பழியாக மாறும் இடத்தில்தான் புகார்.

பேரழிவுக்கு வானத்தில் காரணம் தேடிய இன்னொரு கதை கொடைக்கானலிலேயே இருக்கிறது. அந்தக் கதை வேறு மாதிரி போயிற்று.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் மழை பொய்த்துப் பஞ்சம் நிலவியது. தாது வருடப் பஞ்சம் என்று இன்றும் பேசப்படுகிறதே, அதுதான். மக்கள் லட்சக்கணக்கில் செத்தார்கள். 1877இல் வில்லியம் ஹண்டர் என்ற அதிகாரி, சூரியனில் கரும்புள்ளிகள் குறையும் ஆண்டுகளில் சென்னையில் மழையும் குறைகிறது என்று எழுதினார். வானியலாளர் நார்மன் லாக்யர் அவரோடு சேர்ந்துகொண்டார். சூரியனைப் படித்துவிட்டால் பஞ்சத்தை முன்கூட்டியே அறியலாம் என்ற ஆசை வேர்விட்டது. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் பிறந்ததற்கு அந்த ஆசையும் ஒரு காரணம். வானியலாளர் மிச்சி ஸ்மித் நீலகிரியையும் பழனி மலையையும் ஒப்பிட்டுப் பார்த்து இந்த இடத்தைத் தேர்ந்தார். 1895இல் ஆளுநர் வென்லாக் அடிக்கல் நாட்டினார். 1899இல் ஆய்வகம் இயங்கத் தொடங்கியது. இடம் கடல்மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரம்.

பஞ்சத்துக்குச் சூரியப் புள்ளி காரணம் என்பதும், பூகம்பத்துக்குப் பாவம் காரணம் என்பதும் கேட்க ஒரே மாதிரிதான் இருக்கின்றன. வேறுபாடு அடுத்து நடந்ததில் இருக்கிறது. 1904 முதல் இந்த மலையில் சூரியனை நாள்தோறும் படம் எடுத்துவருகிறார்கள். பஞ்ச நாளில் மட்டுமல்ல. மழை நன்றாகப் பெய்த நாளிலும், ஒன்றுமே நடக்காத நாளிலும் எடுத்தார்கள். கிடைத்த விடை எதிர்பார்த்ததாக இல்லை. 1904 முதல் இருபது ஆண்டு இந்திய வானிலைத் துறைக்குத் தலைமை ஏற்ற கில்பர்ட் வாக்கர், சூரியப் புள்ளிகளுக்கும் மழைக்கும் உள்ள உறவைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்; அது பலவீனமாகவே இருந்தது. அவர் கண்ணில் பட்டது வேறொன்று: பசிபிக் பெருங்கடலுக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் இடையே காற்றழுத்தம் மாறி மாறி ஏறி இறங்கும் ஊசல். 1877இல் மழை பொய்த்ததை இன்று அந்த ஊசலோடு சேர்ந்த வலுவான எல் நினோவோடு சேர்த்துப் படிக்கிறார்கள். சூரியப் படங்களும் வீணாகவில்லை. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் இங்கேதான் கரும்புள்ளிக்குள் வாயு மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டார். அது இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

பஞ்சத்தில் ஒரு செய்தி இருந்தது. அது வானத்தில் இல்லை. நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்டு டெம்பிள் விதி வகுத்தார். பஞ்ச காலத்திலும் இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறியது. சூரியனைக் கைகாட்டினால் ஆட்சியைக் கேட்க வேண்டியதில்லை. இன்றும் அப்படித்தான். மலையில் மண் சரிந்தால், தெய்வ குற்றம் என்று பேசி முடித்துவிடுவது சரிவை வெட்டிக் கட்டடம் எழுப்பியவருக்கு வசதி. ஓடையின் வழியை அடைத்தது யார் என்று கேட்பதுதான் அவருக்குத் தொல்லை.

மனக்கலக்கத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நேர்த்திக்கடன் நினைத்துப் பதறுபவர் இரண்டு நாளில் தேறிவிடுவார்; பழனிக்குப் போய் முடி இறக்கிவிட்டு வந்தால் இன்னும் நிம்மதியாக இருப்பார், போகட்டும். ஆனால் வீட்டில் ஒருவர், செய்தி வாசிப்பவர் தன்னைப் பார்த்தே பேசுகிறார் என்கிறார். புயலைத் தான்தான் வரவழைத்ததாக உறுதியாக நம்புகிறார். நாட்கணக்கில் தூங்காமல் செய்திகளைத் துண்டு துண்டாகக் குறித்துவைக்கிறார் என்றால், அது நோயாக இருக்கலாம். மனச்சிதைவிலும் இருமுனைக் கோளாற்றிலும் இப்படி வரும். மருந்தால் பெரும்பாலும் தணியும். வாதிட்டுத் திருத்த முடியாது. கேலி செய்தால் இன்னும் உள்ளே போய்விடுவார். கயிறு கட்டியும் சங்கிலியில் பூட்டியும் வைத்தால் என்ன ஆகும் என்பதை 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் பார்த்தோம். மனநோயாளிகள் காப்பகத் தீயில் 28 பேர் கருகினார்கள்.

அப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, "தூங்கினாயாப்பா?" என்று முதலில் கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். மலையிலிருந்து உடனே இறங்க முடியாவிட்டால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணைக் கூப்பிடுங்கள். கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.